வாட்ச்மேனுக்குச் சீட்டுக் கிழிக்கலாமா?

பி.காம். படித்தவர்களுக்கு ஆடிட்டிங் பேப்பரில் ‘இன்டர்னல் செக்’ என்று ஒரு பாடம் வரும். தூக்கம் வரவழைப்பதில் அதற்கு ஈடு கொடுக்கக்கூடியது ‘கம்பெனி லா’ ஒன்றுதான். சாரம் இவ்வளவுதான்: ஒருத்தர் செய்த வேலையை இன்னொருத்தர், தனியாக மெனக்கெடாமல், தன் வேலையைப் பார்க்கிற போக்கிலேயே சரிபார்த்துவிட வேண்டும். பணம் வாங்குகிறவர் லெட்ஜர் எழுதக்கூடாது. லெட்ஜர் எழுதுகிறவர் பணத்தைத் தொடக்கூடாது. பரீட்சையில் எழுதினோம், பாஸ் பண்ணினோம், மறந்தோம்.

அதை இப்போது ஏன் இழுக்கிறேன் என்றால், உங்கள் சட்டைப் பையில் கிடக்கிற செல்போனுக்குள் ராப்பகலாக இந்த இன்டர்னல் செக்தான் நடந்துகொண்டிருக்கிறது. ‘நீ யாரப்பா? இந்த ஃபைலைத் திறக்க உனக்கு உரிமை உண்டா? இந்த விலாசம் உன்னுடையதுதானா?’ என்று ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் கேட்பதை நிறுத்தினால் உங்கள் பேங்க் பாஸ்வேர்டு, காலையில் பொழுதுபோகாமல் இறக்கிக்கொண்ட பபிள் வெடிக்கிற விளையாட்டுக்குத் தெரிந்துபோகும்.

இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக நீக்குவதையே ஒரு வேலையாகச் செய்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். திருடர்கள் இல்லை சார். எல்லாரும் யோக்கியமான புரோகிராமர்கள். மாசச் சம்பளக்காரர்கள். அதுதான் விஷயமே.

முதலில் அந்தக் கேள்வி கேட்கிற ஆசாமியைப் பற்றி. ஒரு பெரிய ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு செக்‌ஷன். ஒவ்வொன்றுக்கும் தனி மேஜை, தனி டிராயர். ஒரு செக்‌ஷன் ஆள் இன்னொரு செக்‌ஷன் டிராயரைத் திறக்க முடியாது. எல்லா டிராயருக்கும் சாவி வைத்திருப்பவர் ஒரே ஒருத்தர்: ஹெட் கிளார்க். யாருக்கு என்ன வேண்டுமானாலும் அவரிடம் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். செல்போனில் வாட்ஸ்அப், பேங்க் ஆப், கேமரா, பபிள் விளையாட்டு எல்லாம் செக்‌ஷன்கள். ஹெட் கிளார்க்குக்குப் பெயர் கெர்னல்.

ஆண்ட்ராய்ட் போன்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது லினக்ஸ் கெர்னல். 1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயது காலேஜ் பையன் ஆரம்பித்தது. 2017 நவம்பரிலிருந்து உலகத்தின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் லினக்ஸ்தான். மூன்று கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்துவிட்டது. அதில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ‘இப்படி இருந்தால் உள்ளே விடு, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு’ என்று ஒரு வாட்ச்மேன் நிற்பார்.

என் சித்தப்பா மகன் ஒருத்தன் பெங்களூரில் இந்த கெர்னல் வேலையில் இருக்கிறான். ஊருக்கு வந்தபோது, “என்னடா பண்றே இப்ப?” என்று கேட்டேன்.

“இந்த வாரம் செக்யூரிட்டி கோடுல மூணு செக்கை எடுத்தேன்ணே.”

“எடுத்தியா? சேர்க்கறதுக்குத்தானேடா சம்பளம்?”

சிரித்தான். பிறகு ஒரு பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினான். அன்றைக்கு விட்ட சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நான் மேற்கொண்டு படித்ததும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

கெர்னலில் கடன் வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்க ‘கே-ஃப்ரீ’ என்று ஒரு பங்‌ஷன் உண்டு. கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிற மாதிரி. பழைய கைகளெல்லாம், ‘பாத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று பார், இருந்தால் திருப்பிக் கொடு’ என்று எழுதுவார்கள். ஆனால் கடைக்காரரே கவுன்ட்டரில், ‘ஒண்ணும் இல்லையா? சரி, போங்க’ என்று கோபப்படாமல் அனுப்பிவிடுவார். அதாவது அந்தப் பங்‌ஷனே, வந்தது காலியா என்று முதலில் பார்த்துக்கொள்கிறது. அப்படியானால் வீட்டு வாசலில் ஒரு தடவை, கடையில் ஒரு தடவை என்று எதற்கு? வாசல் செக்கை எடுத்துவிடலாம். பாதகமில்லை.

இந்த மாதிரி வாசல் செக்குகளைத் தேடிப் பிடிக்கவே பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வளர்த்த ஒரு கருவி இருக்கிறது. பெயர் ‘காக்சினெல்’. பிரெஞ்சில் பொறிவண்டு என்று அர்த்தம். செடியில் பூச்சி தின்னும் வண்டு. இது புரோகிராமில் பூச்சி தின்கிறது. கெர்னலோடு சேர்ந்து வருகிற அதன் குறிப்புகளில் ஒன்று இந்த அனாவசியக் காலி செக்கைக் கண்டுபிடிப்பதற்கென்றே எழுதப்பட்டது.

“சரிடா. ஒரு செக் கூட இருந்தா குடியா முழுகிடும்? ரெண்டு தாழ்ப்பாள் போட்ட கதவு நல்லதுதானே?” என்றேன்.

“வேகம் ஒண்ணும் பெரிசா மிச்சமாகாதுண்ணே. பிரச்னை என்னன்னா, படிக்கிறவன் ஏமாந்துடுவான். இங்க ஒரு செக் இருக்குன்னா, ‘ஓஹோ, இது காலியாவும் வரலாம் போல’ன்னு நினைப்பான். அதை நம்பி இன்னும் நாலு வரி எழுதுவான். அவனைப் பார்த்து இன்னொருத்தன் எழுதுவான். கடைசியில எது நிஜமான செக், எது சும்மா நிக்குதுன்னு யாருக்கும் தெரியாது.”

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. காரணம், நான் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் சில வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். அங்கே வவுச்சரில் நாலு கட்டம். தயாரித்தவர், சரிபார்த்தவர், அனுமதித்தவர்... நாலாவது கட்டத்தில் ‘டெலக்ஸ்’ என்று அச்சடித்திருக்கும். டெலக்ஸ் மெஷினை நேரில் பார்த்தவர்களே நான் சேருவதற்குள் ரிட்டயர் ஆகிவிட்டார்கள். ஆனாலும் ஒரு பெரியவர் தினமும் சாயங்காலம் காபி குடித்துவிட்டு உட்கார்ந்து அத்தனை வவுச்சரிலும் அந்தக் கட்டத்தில் இனிஷியல் போடுவார். “எதுக்கு சார்?” என்று கேட்டேன். “காலியா இருந்தா ஆடிட்டர் கேப்பார் தம்பி” என்றார். ஆடிட்டரோ, நாலு இனிஷியல் இருக்கிறதே என்ற தைரியத்தில் எதையும் கேட்கவில்லை.

அச்சு அசலாக அதே டெலக்ஸ் கட்டம் ஒன்று லினக்ஸ் கெர்னலில் இருந்தது. விலாசம் சரியா என்று பார்க்க ‘ஆக்ஸஸ் ஓகே’ என்று ஒரு செக் உண்டு. (இவர்தான் நம் கதாநாயகர். கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவார்.) அதைக் கூப்பிடும்போதெல்லாம், ‘படிக்கப் போகிறேன்’ அல்லது ‘எழுதப் போகிறேன்’ என்று ஒரு குறிப்பும் சேர்த்துத் தர வேண்டும். ஏன்? 1985-ல் வந்த இன்டெல் 386 சிப்பில் ஒரு கோளாறு. ‘இங்கே எழுதக் கூடாது’ என்று ஒரு பக்கத்துக்குப் பூட்டுப் போட்டால் சாதாரண புரோகிராம்களை அது தடுக்கும், கெர்னலைத் தடுக்காது. ஹெட் கிளார்க்குப் பூட்டு கண்ணுக்கே தெரியாது! எனவே எழுதுவதற்கு முன்னால் கெர்னல் தானாகவே ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குத்தான் அந்தக் குறிப்பு.

1989-ல் வந்த 486 சிப்பில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். 2012 டிசம்பரில், இனிமேல் 386-ல் லினக்ஸ் ஓடாது என்று முடிவே எடுத்துவிட்டார்கள். டோர்வால்ட்ஸ் முதல் லினக்ஸை எழுதியதே ஒரு 386-ல்தான். மனுஷன் சென்டிமென்ட் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் ‘படிக்க / எழுத’ கட்டம் மட்டும் கெர்னல் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் அப்படியே நின்றது. எல்லாரும் பக்தியாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். படிக்க ஆள் இல்லை. 2019 ஜனவரியில்தான் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து மொத்தமாகச் சுரண்டி எடுத்தார்.

இந்த நீக்கத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. வாட்ச்மேன் ஏன் நின்றார் என்று தெரியும். எந்தக் கதவுக்காக நின்றார் என்று தெரியும். அந்தக் கதவையே இடித்துவிட்டார்கள் என்பதும் தெரியும். அதன் பிறகுதான் சீட்டுக் கிழித்தார்கள்.

எல்லாச் சமயத்திலும் இப்படி விவரம் கையில் இருப்பதில்லை. உருவத்தில் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு செக்குகள் வேறு வேறு கேள்வி கேட்கலாம். பேங்க்கில் ஒரு செக்கைக் கொடுக்கிறீர்கள். ஒருத்தர் கையெழுத்தைப் பார்க்கிறார். இன்னொருத்தர் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்கிறார். ‘செக்கைத்தான் ஏற்கெனவே செக் பண்ணியாச்சே, ரெண்டாவது ஆள் எதுக்கு?’ என்று யாராவது மேனேஜர் கேட்டால் பேங்க் திவால்.

கெர்னலிலும் அப்படி ஒரு ஜோடி உண்டு. ஒரு ஃபைலைத் திறக்கப் போனால் முதல் கேள்வி: ‘இது உன்னுடையதா, உனக்கு அனுமதி இருக்கிறதா?’ அதில் பாஸானால்தான் இரண்டாவது கேள்வி: ‘சரி, ஆனால் உன் உத்தியோகத்துக்கு இது தேவையா?’ இரண்டாவதைக் கேட்பது செக்யூரிட்டி மாட்யூல். பிரபலமானது ‘எஸ்இ-லினக்ஸ்’; அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. என்கிற உளவு நிறுவனம் எழுதி 2000-ல் இலவசமாக வெளியிட்டது, 2003-ல் லினக்ஸோடு சேர்ந்தது. 2014-ல் வந்த ஆண்ட்ராய்ட் 5 முதல் போனில் முழு மூச்சாகக் காவல் காக்கிறது. முதல் கேள்விக்கு ‘நான்தான் சர்வாதிகாரி’ என்று பதில் சொல்லி உள்ளே வந்துவிட்டவனைக்கூட இரண்டாவது கேள்வி மடக்கும். முதல் கேள்வியையே திருப்பிக் கேட்கிற மாதிரி மேலோட்டமாகத் தோன்றும். எடுத்துப் பாருங்கள், தெரியும்.

இனி, எடுத்துப் பார்த்த கதை.

கெர்னலிடம் ஒன்று கேட்கிற ஆப், பதிலை எங்கே எழுதி வைக்க வேண்டும் என்று விலாசமும் சேர்த்துக் கொடுக்கும். ‘பதிலை என் டிராயர் நம்பர் 40-ல் போட்டுடுங்க சார்.’ ஹெட் கிளார்க்கிடம்தான் எல்லாச் சாவியும் இருக்கிறதே! ஒரு போக்கிரி வேண்டுமென்றே ‘நம்பர் 9000-ல் போடுங்க’ என்று எழுதிக் கொடுக்கிறான். 9000 என்பது ஹெட் கிளார்க்கின் சொந்த டிராயர். அவர் பாட்டுக்குத் திறந்து, தன் ரிஜிஸ்டர் மேலேயே எழுதிக் கெடுத்துக்கொள்வார். போக்கிரி ஒரு சாவியையும் தொடவில்லை.

இதைத் தடுக்கத்தான் ஆக்ஸஸ் ஓகே. கொடுத்த விலாசம் ஆப்களின் பேட்டையில் இருக்கிறதா, கெர்னலின் பேட்டையில் இருக்கிறதா என்று பார்ப்பார். அவ்வளவுதான் உத்தியோகம். சாதாரணமாக கெர்னல் ஒரு கட்டத்தில் பதில் எழுதும் ஒவ்வொரு தடவையும் இவர் எட்டிப் பார்ப்பார்.

2014 வாக்கில் இன்டெல் சிப்களில் ஒரு புதுக் காவல் வந்தது. கெர்னலாகவே இருந்தாலும் ஆப்பின் டிராயரைத் தொடுவதற்கு முன் ஒரு ஷட்டரைத் தூக்க வேண்டும். தொட்டு முடித்ததும் இறக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் நேரம் பிடிக்கும். இங்கே ‘வெயிட்-ஐடி’ என்று ஒரு பங்‌ஷன். அப்பா புரோகிராம், ‘என் பையன் புரோகிராம் வேலையை முடிச்சிட்டானா? எப்படி முடிச்சான்?’ என்று விசாரிக்கிற இடம். பதில் ஆறு கட்டம். ஆறும் பக்கத்துப் பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் வாட்ச்மேன் பார்த்து, ஷட்டரைத் தூக்கி, எழுதி, இறக்கி... மறுபடி வாட்ச்மேன், மறுபடி ஷட்டர். ஆறு தடவை!

2017 மே மாதம் இதைத் திருத்தினார்கள். ஒரே தடவை ஷட்டரைத் தூக்கு, ஆறையும் எழுது, இறக்கு. நீங்களும் நானும் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்போம். அதற்கு உபயோகித்த எழுத்துக் கருவியின் பெயரிலேயே ‘அன்சேஃப்’ என்று இருக்கிறது. ஒளிவுமறைவு கிடையாது: ‘நான் விலாசம் பார்க்க மாட்டேன், நீ முன்கூட்டியே பார்த்துக்கொள்’ என்று அர்த்தம்.

ஆறு வாட்ச்மேன்களுக்கும் சீட்டுக் கிழித்தாயிற்று. பதிலாக ஒரே ஒருத்தரை கேட்டில் நிறுத்த வேண்டும். அந்த ஒருத்தருக்கு ஆர்டர் போகவில்லை.

2017 செப்டம்பர் 3-ம் தேதி இந்த ஓட்டையோடு லினக்ஸ் 4.13 வெளியானது. எந்தச் சாதாரண புரோகிராமும் கெர்னலின் டிராயரைக் குறிப்பிட்டு, ‘பையன் என்ன ஆனான்? பதிலை அங்கே எழுதுங்க’ என்று சொல்லலாம். கெர்னல் சமர்த்தாக எழுதும்.

‘எழுதினால் என்ன, ஏதோ நாலு நம்பர்தானே’ என்று அலட்சியமாக இருக்காதீர்கள். அந்த ஆறு கட்டத்தில் ஒன்றில் எழுதப்படுவது எப்போதும் பூஜ்யம். லினக்ஸில் ஒவ்வொரு உபயோகிப்பாளருக்கும் ஒரு நம்பர் உண்டு. சாமானியர்களுக்கு ஆயிரம், ஆயிரத்தொன்று என்று போகும். சர்வ அதிகாரமும் உள்ள ‘ரூட்’ என்கிற ராஜாவுக்கு நம்பர் பூஜ்யம்! கெர்னலின் ரிஜிஸ்டரில் தன் நம்பர் எழுதியிருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கே ஒரு பூஜ்யத்தை எழுத வைத்துவிட்டால் போதும், பியூன் எம்.டி. ஆகிவிடலாம். வாழ்க்கையில் பூஜ்யம் வாங்கி முன்னுக்கு வருகிற ஒரே இடம் இதுதான்.

(ஒரு கிளைக்கதை. 2003 நவம்பரில் யாரோ ஒரு கில்லாடி, லினக்ஸ் மூலப் பிரதியின் ஒரு நகலில் திருட்டுத்தனமாக இரண்டு வரி செருகினான். அதுவும் இந்தக் குடும்பத்திலேயே, ‘வெயிட்-4’ என்கிற அண்ணன் பங்‌ஷனில். பார்ப்பதற்குச் சமர்த்தான செக் மாதிரி இருக்கும்: ‘நம்பர் பூஜ்யமா?’ ஆனால் இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் போட்டிருந்தான். அர்த்தம் மாறி, ‘நம்பரைப் பூஜ்யமாக்கு’ என்று ஆகிவிடும். அசல் பிரதியோடு நகல் ஒத்துப்போகவில்லை என்பதால் உடனே பிடிபட்டது. ஆக, இருக்கிற வாட்ச்மேனை எடுப்பதில் மட்டுமல்ல, புதிதாகச் சேர்ப்பதிலும் ஆளைப் பார்த்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது.)

4.13 ஓட்டை 2017 அக்டோபரில் வெளியே தெரிந்தது. அதற்கு சிவிஇ-2017-5123 என்று எஃப்.ஐ.ஆர். நம்பர் மாதிரி ஒன்று கொடுத்தார்கள். பிரவுசருக்குள் கட்டிப்போட்ட ஒரு புரோகிராம்கூட இதை வைத்து வேலி தாண்டலாம் என்று ஓர் ஆராய்ச்சியாளர் செய்தே காட்டினார். சில வரிகளைச் சேர்த்து அடைத்தார்கள். அந்தச் சமயத்தில் செல்போன்களில் பழைய கெர்னல்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. புதுசு வாங்கச் சோம்பேறித்தனப்படுவதற்கும் சில சமயம் பலன் உண்டு.

நான் ரசித்தது அதற்கப்புறம் நடந்ததை. ‘இனிமேல் எல்லாரும் ஜாக்கிரதையாக இருங்கள்’ என்று சர்க்குலர் விட்டு விஷயத்தை முடித்திருக்கலாம். நம் ஆபீஸாக இருந்தால் அதுதான் நடந்திருக்கும். கீழே எல்லாரும் கையெழுத்தும் போட்டிருப்போம். டோர்வால்ட்ஸ் என்ன செய்தார் என்றால், ஷட்டரைத் தூக்குகிற கைப்பிடியிலேயே ஆக்ஸஸ் ஓகேயைக் கட்டிவிட்டார். விலாசம் கொடுக்காவிட்டால், அல்லது கொடுத்த விலாசம் தப்பாக இருந்தால், ஷட்டர் மேலே போகாது. மறக்க நினைத்தாலும் மறக்க முடியாது. இது எப்போது நடந்தது தெரியுமா? 386 காலத்து டெலக்ஸ் கட்டத்தைச் சுரண்டி எடுத்த அதே 2019 ஜனவரி, அதே வாரம். ஒரு கையால் செத்துப்போன செக்கை எடுத்தார். இன்னொரு கையால் உயிருள்ள செக்கை ஆணி அடித்தார்.

இதுவரை மனிதர்கள் எடுத்த கதை. மனிதர் போட்ட செக்கை மெஷினே எடுத்த கதையும் உண்டு.

புரோகிராமர் எழுதுவதைச் சிப்புக்குப் புரிகிற பாஷையில் மாற்றித் தருவது கம்பைலர். மகா புத்திசாலி, அனாவசியம் என்று பட்டதை எடுத்துவிட்டு, வேகமாக ஓடும்படி மாற்றித் தரும். 2009-ல் லினக்ஸ் 2.6.30-ல் நெட்வொர்க் சம்பந்தமான ஒரு துணைப் பகுதியில் (‘டன்’ என்று பெயர்) ஒருத்தர் இப்படி எழுதியிருந்தார்: முதல் வரியில் பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை எடு. அடுத்து, பெட்டி இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் திரும்பிப் போ. வரிசை தப்பு. ஆனாலும் செக் என்று ஒன்று இருந்தது.

கம்பைலர் யோசித்தது: ‘பெட்டியைத்தான் முன்னாடியே திறந்துவிட்டாரே, அப்படியானால் பெட்டி நிச்சயம் இருக்கிறது. பிறகு இருக்கிறதா என்று கேட்பானேன்?’ செக்கைத் தூக்கிவிட்டது. சி மொழியின் சட்டப் புத்தகப்படி கம்பைலர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. வக்கீல் வைத்து வாதாடினாலும் ஜெயிக்கும். புரோகிராமர் எழுதியதைப் படித்துப் பார்த்தால் செக் கண்ணெதிரே இருக்கிறது. ஓடுகிற புரோகிராமில் இல்லை! காலி விலாசம், அதாவது பூஜ்யமாம் விலாசத்தில், தன் சரக்கை முன்கூட்டியே வைத்துக்கொண்டு காத்திருக்கிறவனுக்கு ராஜபாட்டை. அந்த ஜூலையில் இதை வைத்து ரூட் ஆவது எப்படி என்று ஒரு நிபுணர் பகிரங்கமாகச் செய்து காட்டினார். வரிசையைத் திருத்தியதோடு நிற்காமல், ‘இந்த வகைச் செக்குகளை நீயாக எடுக்காதே’ என்று கம்பைலருக்கு ஒரு நிரந்தர உத்தரவும் போட்டார்கள்.

கெர்னலுக்கு வெளியே நடந்ததுதான் என்றாலும் இன்னொன்றையும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. ரகசியச் சாவிகள் தயாரிக்கிற ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’ என்கிற புரோகிராமில், பார்வைக்கு ஒரே மாதிரியான ஒரு வரி இரண்டு இடங்களில் இருந்தது. இரட்டைப் பிள்ளைகள். சோதனைக் கருவிகள் இரண்டையும் பார்த்து, ‘எழுதாத பக்கத்தைப் படிக்கிறாயே’ என்று நச்சரித்தன. டெபியன் என்கிற லினக்ஸ் தொகுப்பின் பொறுப்பாளர் 2006 மே மாதம் இரண்டையும் எடுத்தார். யாரையும் கேட்காமல் செய்தார் என்று சொல்ல முடியாது; பொதுவில் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்.

ஒரு பிள்ளை நிஜமாகவே உதவாக்கரை. இன்னொரு பிள்ளை வழியாகத்தான் சாவிக்கு வேண்டிய தாறுமாறான எண்கள் அத்தனையும் உள்ளே போய்க்கொண்டிருந்தன! வழி அடைபட்டதும் மிஞ்சியது புரோகிராமின் வரிசை எண் ஒன்றுதான். அது 32,768-க்கு மேல் போகாது. உங்கள் சூட்கேஸில் ஐந்து இலக்க நம்பர் பூட்டு போட்டால்கூட ஒரு லட்சம் விதம் உண்டு! இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. உபுண்டுவும் இதில் அடக்கம். சாவி உருவாகிறது, பூட்டு பூட்டுகிறது, திறக்கிறது, எல்லாம் ஜோர். 2008 மே 13-ம் தேதி அறிவிப்பு வந்தபோது, அந்த இரண்டு வருஷத்தில் அப்படிச் செய்த சாவிகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

இதில் என்னைக் குடைந்தது ஒன்றுதான். 386 கட்டத்தை எடுத்தபோதும் யாரோ ‘இது தேவையில்லை’ என்றார்கள். இங்கேயும் யாரோ ‘இது தேவையில்லை’ என்றார்கள். எடுக்கிற அந்த வரியை எத்தனை நேரம் முறைத்துப் பார்த்தாலும் எது சரி, எது தப்பு என்று தெரியாது. ஏனென்றால் பதில் அந்த வரியில் இல்லை. வேறெங்கோ, இன்னொருத்தர் எழுதிய, ஐந்தாறு ஃபைல் தள்ளியிருக்கிற வரியில் இருக்கிறது. வாசல் செக்கை எடுக்கிறோம் என்றால் கடைக்காரர் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் இதே கேள்வியைத்தான் கேட்கிறாரா? எப்போதுமா? அவரைத் தாண்டாமல் குறுக்கு வழியே கிடையாதா?

என் தம்பியிடம், “சரி, நீ எடுத்த மூணையும் ஒத்துக்கிட்டாங்களா?” என்று கேட்டேன்.

“ரெண்டை வாங்கிக்கிட்டாங்க. மூணாவதுக்கு, ‘இது காலியா வராதுன்னு யார் உத்தரவாதம்? எந்த ஃபைல், எந்த இடம்?’னு ஒரே வரியில பதில் போட்டாங்கண்ணே. தேடினேன். பதினோரு இடத்திலேருந்து கூப்பிடறாங்க. பத்து இடத்தில முன்னாடியே பார்த்துடறாங்க.”

“பதினோராவது?”

“அதை எழுதினவர் இப்ப வேற கம்பெனியில இருக்கார். மெயில் போட்டிருக்கேன்.”

அந்த மெயிலுக்குப் பதில் வருவது அவர் பாடு. உங்கள் பாடு ஒன்று இருக்கிறது. போனில் செட்டிங்ஸ் போய், ‘அபவுட் போன்’ என்பதற்குள் நுழைந்தால் ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்று ஒரு தேதி இருக்கும். சில போன்களில் கொஞ்சம் தேட வேண்டும். இந்த மாதிரி வாட்ச்மேன் விவகாரங்களில் கடைசியாக எப்போது உங்கள் போனுக்குத் திருத்தம் வந்தது என்று அது சொல்லும். இந்த வருஷத் தேதியாக இருந்தால் சந்தோஷம். உங்கள் கல்யாணத்துக்கு முந்தைய தேதியாக இருந்தால், அந்த போனில் பேங்க் ஆப் வைத்திருப்பதை இன்றைக்கே நிறுத்திக்கொள்ளுங்கள். மனைவியிடம் காரணம் கேட்டு மாட்டிக்கொண்டால், 386-லிருந்து ஆரம்பியுங்கள். பாதியில் அவரே எழுந்து போய்விடுவார்.